கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள், முழங்கையைப் பார்ப்போம்

மருதமுனையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 47 வயது. இருபத்தைந்து வருடமாகக் கைத்தறியில் வேலை. எட்டு மாதமாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன. இரவில் விறைப்பு வந்து எழும்பிவிடுகிறேன். கத்தாரில் இருக்கும் மகனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாலும் கை செத்துப்போகிறது. இரண்டு மாதமாக, அறுந்த நூலை முடிச்சுப் போடும்போது விரலிலிருந்து நழுவுகிறது. எக்ஸ்ரே எடுத்துக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டி போட்டேன். பிறகு மணிக்கட்டுப் பட்டியும் வாங்கினேன். நரம்புக்கென்று விற்றமின் குளிசை நாலு மாதமாகத் தினமும் இரண்டு விழுங்குகிறேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. இது பாரிசவாதத்தின் தொடக்கம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் வேறொருவர். சங்கிலியை அடகு வைத்தால்தான் அது முடியும். எடுக்கவா? ஒப்பரேஷன் என்றால் கொழும்புக்குப் போக வேண்டுமா? தொழுகையில் ஸுஜூதில் கையூன்றவும் பயமாக இருக்கிறது.

பின்குறிப்பு: ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இதே முழங்கை முறிந்தது. முறிவு வைத்தியர் கட்டி நன்றாகிவிட்டது. கொஞ்சம் வளைவு மட்டும்தான்."

சகோதரி, கடிதத்தை மடிக்கப்போகும் நேரத்தில் ஞாபகம் வந்து சேர்த்ததுபோல் இருக்கிறது உங்கள் பின்குறிப்பு. நான் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்கினேன். கொய்யா மரம், அந்தக் 'கொஞ்சம் வளைவு', இரண்டே இரண்டு விரல்கள்: மூன்றும் சேர்ந்து கைகாட்டுவது முழங்கையை. கடிதத்தை வைத்து நோயை உறுதிப்படுத்த எந்த டொக்டராலும் முடியாது. ஆனால் முதலில் எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம். எட்டு மாதமாக உங்கள் வருத்தத்தைக் கழுத்தில் தேடினார்கள், மணிக்கட்டில் தேடினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூட்டை யாராவது தொட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

மாமியின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பாரிசவாதம் திடீரென்று வரும். முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சுக் குழறும், ஒரு பக்கத்துக் கையும் காலும் சட்டென்று சோரும். அப்படி யாருக்கு நடந்தாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். எண்ணெய் தேடி ஓட வேண்டாம். எட்டு மாதமாக இரண்டு விரல்களில் மட்டும் குடியிருக்கும் விறைப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

நம் பேச்சில் 'நரம்பு' என்ற சொல் பாவம், பல பேருடைய வேலையைத் தனியாகச் செய்கிறது. புறங்கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு, மணிக்கட்டில் கயிறுபோல் எழும் தசைநாணும் நரம்பு. அதனால்தான் 'நரம்பு பிசகிவிட்டது, உருவிவிட்டால் சரி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்லும் நரம்பு வேறு. விரலின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவதும், மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவருவதும் அதுதான். அது பிசகுவதில்லை, நெரிபடும். உருவினால் இன்னும் நெரிபடும்.

கைக்குள் இப்படி மூன்று பெரிய நரம்புகள் இறங்குகின்றன. ஒன்று மணிக்கட்டின் நடுவால் உள்ளங்கைக்குப் போய்ப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுக்கிறது. ஊரில் அதிகம் காண்பது இது மணிக்கட்டில் நெரிபடுவதைத்தான். நள்ளிரவில் எழும்பிக் கையை உதறுகிறவர்கள் இந்தக் கூட்டம். நீங்கள் வாங்கிய மணிக்கட்டுப் பட்டியும் அவர்களுக்கானதே. இன்னொன்று மேற்கை எலும்பைப் பின்புறமாகச் சுற்றி வந்து மணிக்கட்டை நிமிர்த்துகிறது. கதிரையின் முதுகில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கி, காலையில் மணிக்கட்டு துவண்டு கிடக்க எழும்புகிறவர்களுக்கு நெரிபட்டது அது.

உங்கள் கதை மூன்றாவதுடையது. பெயர் அல்நர் நரம்பு. முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே கீழே, ஒரு சிறிய பள்ளத்தின் வழியாக இது போகிறது. கதவு நிலையில் முழங்கை இடித்துச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த அனுபவம் எல்லோருக்கும் உண்டல்லவா? அன்று கரண்ட் அடித்தது இந்த நரம்புதான். சுண்டுவிரல் முழுவதும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் இதன் எல்லை.

ஆகவே உங்கள் மோதிரவிரலைக் கொஞ்சம் விசாரியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மகளையோ மருமகளையோ ஒரு பஞ்சுத் துண்டால் அந்த விரலின் இரு பக்கங்களையும் மாறி மாறித் தடவச் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் மங்கலாகவும் நடுவிரல் பக்கம் தெளிவாகவும் தெரிந்தால், ஒரே விரலுக்குள் எல்லைக்கோடு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் நரம்பின் வேர் நெரிபட்டால் பொதுவாக விரல் இப்படிப் பாதியாகப் பிரியாது. விறைப்பு முன்கையின் உட்பக்கத்திலும் மேலேறி நிற்கும். கழுத்தைத் திருப்பும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ தோளிலிருந்து வலி இறங்கும். உங்கள் கடிதத்தில் கழுத்து வலி என்ற சொல்லே இல்லை. அதே பஞ்சால் சுண்டுவிரலுக்கு நேரான புறங்கையையும் தடவச் சொல்லுங்கள். அங்கும் மங்கல் என்றால் நெரிசல் மணிக்கட்டில் இருக்க வாய்ப்புக் குறைவு. புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டை எட்டுவதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்ததே என்று கேட்பீர்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்குத் தெரியும். தலையில் நரை தெரிவதுபோல் அதுவும் ஒன்று. நரை இருப்பதால் தலைவலிக்கு நரைதான் காரணம் என்று சொல்ல மாட்டோம். போதாததற்கு, எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நரம்பைக் காட்டாது. இதைப் பெரிய புத்திசாலிபோல் எழுதுகிறேன், ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பிழையை நானும் செய்தேன். அக்கரைப்பற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர், இதே இரண்டு விரல்கள். கழுத்துப் படத்தைப் பார்த்ததும் திருப்தியாகிவிட்டேன். நாலு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் புறங்கையில் இருக்கும் தசைமேடு குழியாகியிருந்தது. அதன் பிறகு கைவிறைப்பு என்று வரும் எவருக்கும், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டாமல் நான் பேச்சைத் தொடங்குவதில்லை.

இனி அந்த வளைவு. சிறு வயதில் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு உடைந்து சரியாகப் பொருந்தாமல் போனால், பிள்ளை வளர வளர முன்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். கையை நீட்டி உள்ளங்கையை முன்னால் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள், இரண்டு கைகளின் கோணமும் வேறாக இருக்கும். வெளிப்பக்கம் சாய்ந்த கையில் உட்பக்கத்து நரம்புக்குப் பாதை நீளமாகிவிடுகிறது. கையை மடக்கும்போதெல்லாம் எலும்பு முனையைச் சுற்றி அது இறுகி இழுபடும். தறிக்காரிக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு நூல், ஓரமான கட்டையில் ஒரு நாள் உரசி அறாது. பல நாள் உரசித்தான் பிசிறு விடும். எலும்பு முறிந்து பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து நரம்பு முறையிடத் தொடங்குவதை வைத்திய உலகம் நெடுங்காலமாக அறியும். உங்களுக்கு முப்பத்தெட்டு. முறிவு வைத்தியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த முறிவு வைத்தியசாலைகளிலும் சறுக்குவதுண்டு. குழந்தையின் முழங்கையில் அந்த எலும்பு பெரும்பாலும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்திலேயே சரியாகத் தெரியாது.

வளைந்த கைக்கு மேல் உங்கள் பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. முழங்கையை முழுதாக மடக்கினால் பள்ளம் ஒடுங்கி, நரம்பும் நீண்டு இழுபடும். கையை மடித்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்குவீர்கள், இரவில் எழுப்பிவிடுகிறது. போனைக் காதில் வைத்து ஒரு மணிநேரம் மகனோடு கதைப்பீர்கள்; கை செத்துப்போகிறது. இரண்டும் ஒரே செயல்தான். தறியில் கயிறு இழுக்கும் கை நாள் முழுக்க மடங்கி நீள்கிறது, ஓய்வெடுக்கும்போது முழங்கை தறிச் சட்டத்தில் ஊன்றியிருக்கும். ஊகித்துத்தான் சொல்கிறேன், இல்லையென்றால் எழுதுங்கள்.

எனக்குக் கவலை தந்தது விறைப்பைவிட, நழுவும் அந்த நூல். உணர்ச்சி மங்கியதால் நழுவுகிறதா, தசை வலுவிழந்ததால் நழுவுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சோதனை சொல்கிறேன். முதலாம் உலகப் போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் ஃபுரோமான் 1915இல் விவரித்தது. நூறு வருடம் தாண்டியும் இதைவிட மலிவான கருவி வரவில்லை. ஒரு கடதாசித் துண்டைப் பெருவிரலின் பக்கவாட்டுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், திறப்பைப் பிடிப்பதுபோல், இரண்டு கைகளாலும் பிடியுங்கள். வேறொருவர் அதை இழுக்கட்டும். நல்ல கையில் பெருவிரல் நேராக நின்று இறுக்கும். அல்நர் நரம்பு வலுவிழந்த கையில், பெருவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இறுக்கும் தசைக்குச் சக்தி இல்லாததால் மடக்கும் தசை உதவிக்கு வருகிறது. அந்தத் தசைக்கு வேறு நரம்பு. கூடவே இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் சொன்ன அந்தத் தசைமேட்டைப் பாருங்கள். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கிறதா, சட்டைப் பையில் கை விடும்போது அது மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கடதாசியை இழுக்கும்போது பெருவிரல் நுனி மடங்கினாலோ, மேடு வற்றியிருந்தாலோ இந்த வாரமே போங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும் இந்த மாதம் தாண்ட வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சற்றுத் தயங்கித்தான் எழுதுகிறேன். முழங்கையில் இதே நரம்பை விரும்பித் தாக்கும் இன்னொரு நோய் இருக்கிறது, தொழுநோய். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்த பிரதேசம் நம்முடையது. அந்தத் தீவின் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நோய் தீவோடு போய்விடவில்லை. கிழக்கில் இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல், தொட்டால் உணர்ச்சி குறைந்ததாக, இருக்கிறதா? முழங்கைப் பள்ளத்தில் நரம்பு கயிறுபோல் தடித்துத் தட்டுப்படுகிறதா? டொக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. வளைந்த கையே போதுமான காரணம். ஆனாலும் பார்த்து ஒதுக்கிவிட வேண்டிய ஒன்று. இருந்தாலும் கலங்க ஒன்றுமில்லை: ஆறு மாதமோ ஒரு வருடமோ குளிசை, அரசாங்க வைத்தியசாலையில் இலவசம், முழுதாகக் குணமாகும்.

சீனியையும் பார்த்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவரின் நரம்பு சின்ன நெரிசலையும் தாங்காது. தைரொயிட், பி12 இரண்டையும் அதே இரத்தத்தில் பார்க்கலாம்.

எங்கே போவது? உங்கள் ஊருக்குக் கல்முனை பக்கத்தில்தான். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டி, எலும்பியல் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அதற்காகச் சங்கிலியில் கை வைக்க வேண்டாம். கழுத்து எம்.ஆர்.ஐ. இந்தக் கதையில் முதல் சோதனை அல்ல. பரிசோதனையில் கழுத்தின் மீது உண்மையாகவே சந்தேகம் வந்தால் கிளினிக்கே அதற்கு வழி செய்யும்.

முதல் சோதனை முழங்கையின் எக்ஸ்ரே. பழைய முறிவையும் எலும்பு முளைத்திருந்தால் அதையும் காட்டும். அடுத்தது நரம்புக் கடத்துகைச் சோதனை. நரம்பின் மேல் சிறிய மின் அதிர்ச்சி கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் பயணிக்கிறது என்று அளப்பார்கள். சுள்ளென்று இருக்கும், ஆனால் தாங்கலாம். ஆரோக்கியமான கை நரம்பில் அந்த வேகம் விநாடிக்கு 50 மீற்றர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். முழங்கையைக் கடக்கும் இடத்தில் மட்டும் குறைந்தால் நெரிசலின் முகவரி கிடைத்துவிடும். குளிரூட்டிய அறையில் கை சில்லிட்டால் நரம்பு தானாகவே மந்தமாகும், ஆகவே கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலையில் இந்தச் சோதனை சரியாகவும் வரலாம். அப்படி வந்தால் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். ஸ்கான் மூலமும் நரம்பு வீங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

விறைப்பு மட்டும், அதுவும் வந்து போவதாக இருந்தால், மூன்று மாதம் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள் என்பதே என் வழக்கமான பதில். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதுவே போதும். உங்களுக்கு அதை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. நூல் நழுவுகிறது, எலும்பு வளைந்திருக்கிறது. தலையணையை மாற்றினால் எலும்பு நேராகாது. இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை நரம்பை மேலும் நெரிய விடக் கூடாது. இரவில் ஒரு குளியல் துவாயை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி, கை முழுதாக மடங்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கினால் வேறு நரம்பு முறையிடும். மகனோடு கதைக்கும்போது போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, சத்தத்தை வெளியே விடுங்கள். அவன் சொல்வதை வீடே கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தறிச் சட்டத்தில் முழங்கையை ஊன்றாதீர்கள். எண்ணெய் பூசுவதில் குற்றமில்லை, ஆனால் முழங்கையின் உட்பக்கத்தில் அழுத்தி உருவ விட வேண்டாம். சுடு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். விறைத்த விரல் சூட்டை அறியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அடுப்படியிலும் அந்த இரண்டு விரல்களைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் இனி வேண்டாம். குளிசைகளின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். விற்றமின் பி6 அளவு மீறி மாதக்கணக்கில் போனால், அதுவே கைகால் விறைப்பை உண்டாக்கும். விறைப்புக்கு மருந்தென்று விழுங்கியதே விறைப்பைத் தருவது கொஞ்சம் கொடுமையான பகிடி. அதில் பி6 எவ்வளவு என்று டொக்டரிடம் காட்டி, அதுவரை நிறுத்தி வையுங்கள். நரம்பு வலியைத் தணிக்கும் வேறு குளிசைகளை அவர் எழுதித் தரக்கூடும். அவை தூக்கத்துக்கு உதவும், நெரிசலைத் திறக்காது. மணிக்கட்டு நெரிசலில் ஓரளவு பயன் தரும் ஸ்டீரொயிட் ஊசி முழங்கையில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

சத்திரசிகிச்சை என்று முடிவானால், முழங்கையின் உட்பக்கத்தில் கீறி, நரம்பின் மேல் இறுகியிருக்கும் திசுவைத் திறந்துவிடுவார்கள். சாதாரண நெரிசலுக்கு அதுவே போதும். உங்களைப் போல் எலும்பு வளைந்தவர்களுக்கு, நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து எலும்பு முனைக்கு முன்பக்கமாக மாற்றி வைப்பதைப் பல நிபுணர்கள் விரும்புவார்கள். அப்போது கை மடங்கினாலும் நரம்பு இழுபடாது. இதற்குக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. கிழக்கிலேயே செய்யக்கூடிய சிகிச்சை. தையல் இரண்டு வாரத்துக்குள் பிரிப்பார்கள். தறிக்குத் திரும்ப ஆறு வாரமாவது ஆகும், கூடவும் ஆகலாம். அதை ஓடர் கொடுத்தவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு விறைப்புத் திட்டு தங்கிவிடுவதுண்டு. இரவில் எழுப்பும் அந்த வேதனை பெரும்பாலும் முதலில் விடும். வலு திரும்ப அதிக காலம் பிடிக்கும்.

எவ்வளவு காலம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சேதமான நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்கு ஏறத்தாழ முப்பது சென்ரிமீற்றர். அப்படியானால் முந்நூறு நாள், கிட்டத்தட்ட ஒரு வருடம். மறுபக்கம், நரம்பின் தொடர்பு முற்றாக அறுந்த தசை ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது; பிறகு நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே ஆள் இருக்காது. இந்த மாதம் தாண்ட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

ஸுஜூதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில விநாடி கை மடங்கி ஊன்றுவதால் நரம்பு கெடாது, பயப்படாமல் தொழுங்கள். நீண்ட ஸுஜூதில் விறைத்தால் முழங்கையை நிலத்தில் அழுத்தாமல் பாரத்தை உள்ளங்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலி தாங்காமல் கதிரையில் இருந்து தொழலாமா என்பது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

கிளினிக் நாளில் கை தளர்ந்த உடுப்பு உடுத்திப் போங்கள், முழங்கைக்கு மேலே சுருட்ட வரவேண்டும். கழுத்து எக்ஸ்ரேயைக் கொண்டுபோங்கள், ஆனால் பையிலேயே இருக்கட்டும். டொக்டர் கேட்பதற்கு முன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, கொய்யா மரத்தைச் சொல்லுங்கள். இந்த முறை அதைப் பின்குறிப்பில் வைக்க வேண்டாம்.